உத்தாய் தானி பயணம்: மிதவை வீடுகள் முதல் புலிக்காடு வரை, எதை எப்போது செய்வது

பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 220 கிலோமீட்டர் தூரத்தில், சாவ் பிரயா ஆற்றுச் சமவெளி முடிந்து மேற்கு மலைகள் தொடங்கும் இடத்தில் உத்தாய் தானி மாகாணம் இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில் சகே கிராங் ஆறும் அதில் மிதக்கும் வீடுகளும். மேற்கு ஓரத்தில் ஹுவாய் கா கேங் வனவிலங்குச் சரணாலயம். நடுவில் கரும்பும் மரவள்ளியும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும்.

இங்கே வந்து ஏமாந்து திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் அவர்களை ஏமாற்றியதில்லை, நேரம்தான் ஏமாற்றியிருக்கிறது. ஆற்றங்கரைச் சந்தை விடிந்த கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். கண்ணாடி விகாரத்தை மதியம் பூட்டிவிடுவார்கள். ஹுப் பா தாத் பள்ளத்தாக்கில் வெயில் இறங்குவதே உச்சிப்பொழுதில்தான். நகரத்தின் நடைத்தெருச் சந்தை சனிக்கிழமை மட்டும். காட்டுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். பெரிய சுற்றுலா ஊர்களைப் போல எப்போது வந்தாலும் ஏதாவது ஒன்று திறந்திருக்கும் என்று நினைத்தால் இங்கே நடக்காது. அதனால் எந்த வரிசையில் வேலைகளைச் செய்ய வேண்டுமோ அதே வரிசையில் எழுதுகிறேன். முதல் மூன்று படிகளை விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை முதல் தடவை போகிறவர்களுக்கு ஏற்ற காலம். மழை நின்றிருக்கும், காலையில் குளிர் இருக்கும், காட்டுப் பாதைகள் காய்ந்திருக்கும். ஆற்றிலும் படகு போகத் தண்ணீர் இருக்கும்.

மிருகங்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஜனவரிக்குப் பிந்தைய வாரங்கள் இன்னும் நல்லவை. சரணாலயத்தின் கிழக்குப் பகுதி பெரும்பாலும் இலையுதிர்க் காடு. இலை உதிர்ந்ததும் கண்ணுக்குத் தூரம் எட்டும். சிறு ஓடைகள் வற்றுவதால் மிருகங்கள் மிச்சமிருக்கும் நீர்நிலைகளைத் தேடி வரும். பச்சை மயில் தோகை விரிப்பதும் இந்தக் காலத்தில்தான்.

மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும். காட்டுத்தீயும் வயல் எரிப்பும் சேர்ந்து வானமே புகைமூட்டமாக இருக்கும். தீ பரவினால் பாதைகளையும் மூடிவிடுவார்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். காடு முழுப் பச்சையில் இருக்கும். ஹுப் பா தாத்தில் இளஞ்சிவப்பு மரவட்டையைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த மாதங்களில்தான் வர வேண்டும். அதற்கு விலையாக அட்டைக் கடியும் சேற்றுப் பாதையும் உண்டு. அக்டோபரில் சாவ் பிரயா பொங்கினால் சகே கிராங்கும் கரை ஏறும். அந்த மாதம் வருகிறவர்கள் புறப்படும் முன் வெள்ளச் செய்தி பார்ப்பது கட்டாயம்.

2. டிக்கெட்டுக்கு முன் காட்டு அனுமதி

வழக்கமாக எல்லாரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அங்கேதான் திட்டம் உடைகிறது. ஹுவாய் கா கேங் தேசியப் பூங்கா இல்லை, வனவிலங்குச் சரணாலயம். இரண்டுக்கும் தாய்லாந்துச் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தேசியப் பூங்காவில் வாசலில் பணம் கட்டிவிட்டு உள்ளே போகலாம். சரணாலயம் விலங்குகளுக்காக ஒதுக்கப்பட்டது. மனிதர்கள் நுழைய அனுமதி வேண்டும், அதுவும் இயற்கைக் கல்விக்கென்று ஒதுக்கிய சில இடங்களுக்கு மட்டும்.

1972இல் அமைந்த இந்தச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 2,780 சதுர கிலோமீட்டர். பக்கத்திலுள்ள துங் யாய் நரேசுவன் சரணாலயத்தோடு சேர்த்து 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தென்கிழக்கு ஆசியாவின் நிலப்பகுதியில் புலிகள் பெருகி வாழும் மிகச் சில காடுகளில் இது முதன்மையானது. கெடுபிடி இருப்பது இதனால்தான், அது இருக்கவும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தேசியப் பூங்கா, வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் சரணாலயத் தலைமையகத்துக்குப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் அனுப்புங்கள். கடிதம் தாய் மொழியில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். வருகிறவர்களின் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, எத்தனை இரவு, வண்டி வகை, எந்தப் பகுதிக்கு, எதற்காக என்ற எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள். விவரம் குறைந்தால் திரும்பக் கேட்பார்கள், ஒரு வாரம் போய்விடும். தங்கப் போகும் விடுதிக்காரரிடம் ஒரு தடவை தொலைபேசியில் தாய் மொழியில் பேசச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், பதிலும் சீக்கிரம் வரும்.

பதில் வந்ததும் அதை அச்செடுத்து இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் இணையம் கிடைக்காது. போனில் இருக்கும் மின்னஞ்சலை அங்கே நம்ப முடியாது.

தாய்லாந்து ஆவணங்களில் ஆண்டு புத்த சகாப்தத்தில் இருக்கும். நம் ஆண்டோடு 543ஐக் கூட்டினால் அது வரும், 2026 என்பது 2569. அனுமதிக் கடிதத்தில் தேதியைச் சரிபார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

3. வாரத்தின் நாட்களை அடுக்குவது

அனுமதி தேதி ஒரு முளை, சனிக்கிழமை மாலை இன்னொரு முளை. மற்றதையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கட்ட வேண்டும். எனக்குச் சரியாக வந்த வரிசை இது:

வியாழன்: பாங்காக்கிலிருந்து வந்து, உத்தாய் தானி நகரில் சாமான் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் காட்டுப் பக்கத்திலுள்ள லான் சாக் போய்த் தங்குவது.
வெள்ளி: முழு நாளும் காடு.
சனி: உச்சிவேளையில் ஹுப் பா தாத், மாலையில் நகரத்தின் நடைத்தெரு.
ஞாயிறு: விடியலில் ஆறு, மதியத்துக்குள் கோயில்கள், பிறகு திரும்புவது.

வெள்ளிக்கிழமையைக் காட்டுக்குக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அலுவலகம் வேலை செய்யும் நாள் என்பதால் அனுமதியில் சிக்கல் வந்தால் பேச ஆள் இருப்பார். சனி, ஞாயிறுகளில் தாய்லாந்துக்காரர்களே குடும்பத்தோடு வருவார்கள், கூட்டம் கூடினால் மிருகங்கள் விலகிவிடும்.

நகரத்தை முதலில் பார்த்துவிட்டுக் காட்டைக் கடைசியில் வைக்கிறவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் காட்டில் ஒரு நாள் மழை பெய்து பாதை மூடினாலும் ஈடுகட்ட நாள் இருக்காது. காடு முன்னால் இருந்தால் ஒரு நாளைத் தள்ளி வைக்கலாம்.

4. காகிதம், பணம், போன்

தாய்லாந்துக்குள் வரும் வெளிநாட்டவர் எல்லாரும் 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. விசா விதி அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

வண்டி ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காருக்கு மட்டும் உரிமம் இருந்து அங்கே ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது.

ரொக்கம் நிறைய வேண்டும். அங்கே டீக்கடை வரை கியூஆர் பலகை தொங்கும். ஆனால் அது தாய்லாந்து வங்கிக் கணக்குக்கு ஏற்றது, நம் கார்டு அதில் ஓடாது. வெளிநாட்டுக் கார்டுக்கு ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவையும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் போகும் என்பதால், எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள். படகுக்காரர், சந்தை, வனத்துறைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 20, 100 பாத் நோட்டுகளாக மாற்றி வையுங்கள்.

காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. லான் சாக்கிலிருந்து கிளம்பும் முன்பே வரைபடத்தையும் தாய் மொழிபெயர்ப்புக் கோப்பையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அவசர எண்கள் இரண்டை எழுதி வையுங்கள்: மருத்துவ உதவி 1669, சுற்றுலாப் போலீஸ் 1155.

5. போய்ச் சேர்வதும் வண்டியும்

உத்தாய் தானிக்கு ரயில் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. பாங்காக்கின் மோ சிட் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தும் வேனும் போகின்றன, மூன்று முதல் நான்கு மணி நேரம். சொந்தமாக ஓட்டினால் 32ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்து 333ஆம் எண் சாலையில் திரும்ப வேண்டும். டான் முவாங் விமான நிலையம் நகரத்தின் வடக்கே இருக்கிறது. அங்கே இறங்கி அங்கேயே கார் எடுத்தால் பாங்காக் நெரிசலுக்குள் நுழையாமலே கிளம்பிவிடலாம்.

நகரத்தை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு வேன் போதும். காடும் ஹுப் பா தாத்தும் உண்டென்றால் கார் இல்லாமல் வேலை ஆகாது. மேற்குப் பக்கத்துக்குப் பொது வண்டிகள் குறைவு. பெஞ்சு போட்ட சோங்தியோ வண்டிகள் காலையில் ஊருக்குள் வந்து பகலிலேயே திரும்பிவிடும். செயலியில் கூப்பிட்டால் கார் வரும் என்று நம்பி வந்தவர்கள் லான் சாக் சாலையோரத்தில் மணிக்கணக்காக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டத் தயக்கம் இருந்தால் நகரத்திலேயே ஓட்டுநரோடு கார் பேசிக்கொள்ளுங்கள், நாள் கணக்கில் வருவார்கள். நம் ஊரைப் போலவே அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான், சாலைகளும் நன்றாக இருக்கும். இரவில் விளக்கில்லாத டிராக்டரும் கரும்பு லாரியும்தான் ஆபத்து. கரும்பு வெட்டு குளிர்காலத்தில் நடப்பதால் நீங்கள் போகும் அதே மாதங்களில் அவை சாலையை நிறைத்திருக்கும். ஆறு மணிக்கு மேல் ஓட்டாதபடி திட்டம் போடுங்கள்.

டீசல், பெட்ரோலை லான் சாக்கில் நிரப்புங்கள். அதற்குப் பிறகு காட்டு வாசல் வரை நம்பத்தக்க பங்க் இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது.

6. சாப்பாட்டுக்கு முன்னேற்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது விருந்து நாடு. சகே கிராங் ஆற்றில் கூண்டில் வளர்க்கும் பிளா ரேத் மீனுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சதை கெட்டியாக, முள் குறைவாக இருக்கும். முழு மீனாகப் பொரித்துத் தருவார்கள். ஆற்றங்கரைக் கடையில் கட்டாயம் சாப்பிடுங்கள்.

சைவர்கள் கொஞ்சம் உழைக்க வேண்டும். காய்கறிப் பொரியல் என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் சாறோ சிப்பிச் சாறோ ஊற்றியிருப்பார்கள். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். சமைக்கிறவருக்கு அது மசாலா மாதிரி, இறைச்சிக் கணக்கில் வராது. 'மாங்சாவிராத்' என்றால் முட்டையும் பாலும் சேரும் சைவம். 'ஜே' என்று கேட்டால் முட்டையும் பாலும் வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத உணவு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ஜே கடை. உத்தாய் தானி நகரில் தேடினால் கிடைக்கும். லான் சாக்கில் அதை நம்பி இருக்காதீர்கள்.

'மாய் சாய் நாம் பிளா' என்றால் மீன் சாறு வேண்டாம். இதைத் தாய் எழுத்தில் போனில் பெரிதாக எழுதி வைத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் நம் உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடாது. ஒட்டரிசி, வாழைப்பழம், அவித்த சோளம், வறுத்த நிலக்கடலை எங்கும் கிடைக்கும். ஊரிலிருந்து பருப்புப்பொடியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் கொண்டு போனால் காட்டு நாள் நிம்மதியாகக் கழியும். அன்றைக்கு வழியில் கடை எதுவும் கிடையாது. மூன்று வேளை உணவும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் முந்தைய நாளே வண்டியில் ஏறியிருக்க வேண்டும்.

7. வெள்ளிக்கிழமை: காடு

லான் சாக்கிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, வாசல் திறக்கும்போது நிற்பது நல்லது. மிருகங்கள் வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும். பிறகு நான்கு மணிக்கு மேல்தான் வெளியே வரும்.

உடை மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்களில் இருக்கட்டும். முழுக்கால் சட்டை, முழுக்கை, கணுக்காலை மூடும் காலணி. வறண்ட மாதங்களில் தொல்லை கொடுப்பது உண்ணி. கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மாலையில் தங்குமிடம் வந்ததும் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் அட்டைக்குப் பருத்தியில் தைத்த அட்டைக் காலுறை கிடைக்கும். அட்டையைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் வாய்ப் பக்கத்தை நெம்பி எடுங்கள். கொசு விரட்டி கட்டாயம், மேற்கு எல்லைக் காடுகளில் மலேரியா இன்னும் முழுதாகப் போகவில்லை. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தலைமையகத்துக்குப் போனதும் முதலில் பதிவு, பிறகு வனக்காவலர் சொல்வதைக் கேட்பது. எந்தப் பாதை இன்று திறந்திருக்கிறது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். உங்களோடு ஒரு காவலரை அனுப்பினால் மறுக்காதீர்கள்.

தலைமையகத்தில் சூப் நாகசதியனின் சிலையும் நினைவிடமும் இருக்கின்றன. இந்தச் சரணாலயத்தின் தலைவராக இருந்தவர். காட்டைக் காக்கக் கேட்ட உதவி எதுவும் கிடைக்காத நிலையில் 1990 செப்டம்பர் 1 அன்று இங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தாய்லாந்தின் காடுகாப்பு இயக்கமே அவர் பெயரைச் சொல்லித்தான் வளர்ந்தது. அங்கே நிற்கிற ஊழியர்கள் அவரை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது அவர்கள் சிலையைக் கடக்கும்போது தெரியும். செல்ஃபி எடுக்க அது இடமில்லை.

அடுத்து பார்வைக் கோபுரம். மண்ணில் உப்பு ஊறும் திட்டுகளை அங்கே 'போங்' என்பார்கள். தழை தின்னும் மிருகங்களுக்கு உடம்பில் உப்பு குறைவதால் மண்ணை நக்க அங்கே வரும். அதைப் பார்க்கும்படி மரக் கோபுரங்கள் கட்டியிருக்கிறார்கள். மூன்று மணிக்கே ஏறி உட்கார்ந்துவிடுங்கள். நான்கரைக்கு ஏறினால் மரப்பலகை கிறீச்சிடும் சத்தத்திலேயே வந்து நின்ற மந்தை ஓடிவிடும். போனை ஒலியில்லாமல் வைத்து, பாலித்தீன் பையில் இருக்கும் தின்பண்டத்தை முன்பே துணிப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பை கசங்கும் ஓசை காட்டில் தூரம் போகும்.

எதைப் பார்க்கலாம்? பான்டெங் என்ற செந்நிறக் காட்டுமாடு பெரும்பாலும் கிடைக்கும். வெள்ளைக் காலும் வெள்ளைப் பிட்டமும் வைத்து அடையாளம் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்க்கும் காட்டுமாடும் இங்கே உண்டு, கடமானும் உண்டு. பச்சை மயில் மணல் திட்டுக்கு வரும். நம் மயிலுக்குக் கொண்டை விசிறி மாதிரி விரியும், இதற்கு ஈட்டி மாதிரி நேராக நிற்கும். கழுத்து நீலமாக இல்லாமல் பச்சையும் செம்பும் கலந்த செதில் செதிலாக இருக்கும், பெண் மயிலும் கிட்டத்தட்ட அதே நிறம். தாய்லாந்தில் காட்டு நீரெருமை மிஞ்சியிருப்பது இந்தச் சரணாலயத்தில்தான். ஆனால் அது தெற்குப் பகுதியில் வாழ்வதால் இந்த வழியில் பார்க்க முடியாது.

புலியைக் காண்பதற்காக வராதீர்கள். ஓடை மணலில் காலடித்தடம் கிடைத்தால் அதுவே பெரிது. காவலரிடம் காட்டுங்கள், எப்போது கடந்தது என்று அவர் சொல்வார். தடத்தை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கெடுப்பவர்களுக்கு அது தேவைப்படும்.

செய்யக்கூடாதவை: டிரோன் பறக்கவிடுவது, பாட்டுப் போடுவது, பாதையை விட்டு இறங்குவது, மாலையில் காட்டுச் சாலையில் வேகமாக ஓட்டுவது. யானை சாலையில் நின்றால் வண்டியைப் பின்னால் எடுத்து, விளக்கைத் தாழ்த்தி, காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். ஆரஞ்சுத் தோலைக்கூட உள்ளே போடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள்.

8. சனிக்கிழமை உச்சிவேளை: ஹுப் பா தாத்

லான் சாக் மாவட்டத்தில், 3438ஆம் எண் சாலையோரமாக இருக்கும் சுண்ணாம்புக்கல் குன்று. நடுவில் இருந்த பெரிய குகையின் கூரை இடிந்து விழுந்து, நாலு பக்கமும் செங்குத்துப் பாறையோடு ஒரு கிணறு மாதிரியான பள்ளத்தாக்கு உருவாகியிருக்கிறது. தாத் என்ற பனை வகை உள்ளே அடர்ந்து நிற்கிறது, அதனால்தான் இந்தப் பெயர்.

பதினொரு மணிக்கு உள்ளே நுழையும்படி வாருங்கள். சுற்றுப்பாறை உயரம் என்பதால் காலையிலும் மாலையிலும் உள்ளே நிழல்தான். சூரியன் தலைக்கு நேரே வரும்போது மட்டும் வெயில் தரை வரை இறங்கும். பனை ஓலைகளின் இடுக்கில் அந்த வெளிச்சம் தூண் தூணாக நிற்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். காலை எட்டு மணிக்கே வந்துவிட்டு, இருட்டாக இருக்கிறதே என்று திரும்புகிறவர்கள் உண்டு.

நுழைவது ஒரு குகை வழியாக. சில நிமிடம் கும்மிருட்டில் நடக்க வேண்டும், தரை ஈரமாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும். போன் விளக்கு போதாது, ஒரு கை போனிலேயே இருந்தால் பிடித்துக்கொள்ள முடியாது. தலையில் மாட்டும் விளக்கு எடுத்துவாருங்கள். கூரையில் வவ்வால்கள் இருப்பதால் விளக்கை மேலே அடிக்காமல் காலடியில் மட்டும் காட்டுங்கள். இருட்டில் கண் பழக ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடந்தால் வழுக்காது.

மழைக்காலத்தில் வந்திருந்தால் பாதையோர ஈர இலைகளையும் பாசி படிந்த பாறையையும் மெதுவாகப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு நிறத்தில், முதுகெல்லாம் முள்ளாக ஒரு மரவட்டை இருக்கும். 2007இல்தான் அதை விஞ்ஞானிகள் புதிய இனமாக அறிவித்தார்கள். கையில் எடுக்காதீர்கள், தன்னைக் காக்க சயனைடு வகை நச்சைச் சுரக்கும். அந்த நிறமே அதற்கான எச்சரிக்கை. ஒன்றைக் கண்டால் நின்றுவிடுங்கள், காலடியில் இன்னும் சில இருக்கலாம்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தனியாக, கூடுதலாக இருக்கும். சுற்றிவர ஒரு மணி நேரம் போதும், வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு நகரத்துக்குக் கிளம்புங்கள்.

9. சனிக்கிழமை மாலை: நகரம்

மூன்றரைக்குள் விடுதியில் பையை வைத்துவிடுங்கள். முதலில் சகே கிராங் குன்று. மேலே வாட் சங்கத் ரத்தனகிரி கோயிலுக்கு 449 படிகள். முட்டி வலி இருக்கிறவர்கள் காரிலேயே மேலே போகலாம், பின்பக்கம் சாலை இருக்கிறது. மேலிருந்து ஆறும் நகரமும் வயலும் ஒரே பார்வையில் தெரியும். மறுநாள் எங்கே எங்கே போகப் போகிறீர்கள் என்று மனதில் வரைபடம் பதிந்துவிடும்.

மழைக்கால விரதம் முடிந்த மறுநாள், பெரும்பாலும் அக்டோபரில், இந்த 449 படிகளிலும் பிக்குகள் வரிசையாக இறங்கி வந்து பிச்சை ஏற்பார்கள். அந்த வாரத்தில் வருவதாக இருந்தால் அறையை மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

இறங்கியதும் த்ரோக் ரோங் யா சந்து. பழைய மரக் கடை வீடுகளின் நடுவே சனிக்கிழமை மாலைகளில் தெரு முழுக்கக் கடை போடுவார்கள். உள்ளூர்க்காரர்களே சமைத்து விற்கும் பலகாரங்கள், பான் ராய் பகுதியில் நெய்த துணிகள். சீக்கிரம் போங்கள், நல்ல பலகாரம் முதலில் தீரும்.

10. ஞாயிறு விடியல்: ஆறு

ஐந்தரைக்கு ஆற்றங்கரைச் சந்தையில் இருங்கள். ஏழரைக்குப் போனால் கழுவிவிட்ட தரைதான் இருக்கும். மீன், கீரை, மலர், பிக்குகளுக்குக் கொடுக்கும் சோற்றுப் பொட்டலம் எல்லாம் அங்கே விற்கும். பிச்சை இட விரும்பினால் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து, பாத்திரத்தில் மெதுவாக வையுங்கள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது.

சந்தைக்கு எதிரே படித்துறையில் படகு பேசலாம். ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் படகுக்கு இவ்வளவு, எத்தனை நிமிடம் என்று ஏறும் முன்பே பேசுங்கள். வெயில் ஏறும் முன் போவது இரண்டு காரணத்துக்காக: வெளிச்சம் சாய்வாக இருக்கும், மிதவை வீடுகளில் வேலை நடக்கும் நேரமும் அதுதான்.

இந்த வீடுகளைப் படகு நின்றபடி கிட்டே பாருங்கள். அடியில் மூங்கிலைக் கட்டுக் கட்டாகக் கட்டி அதன் மேல் வீடு நிற்கிறது. மூங்கில் ஊறி மக்கியதும் புதுக் கட்டைத் தண்ணீருக்குள் அமுக்கி வீட்டுக்கு அடியில் செருகுவார்கள், வீடு மேலேயே இருக்கும், குடும்பமும் உள்ளேயே இருக்கும். தண்ணீர் ஏறினால் கரையில் கட்டிய கயிற்றைத் தளர்த்த வேண்டும், இறங்கினால் இழுத்துக் கட்ட வேண்டும். வீட்டுப் பக்கத்திலேயே மீன் கூண்டு, மிதவைத் தட்டில் வளரும் ரம்பைச் செடி, பலகையில் காயும் மீன். ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண் உண்டு. காட்சிக்கு வைத்தது எதுவும் இல்லை, ஆட்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் வாசல் அது. கையசைத்துச் சிரித்துவிட்டு, அவர்களும் சிரித்தால் படம் எடுங்கள்.

ஆற்றின் மட்டம் உள்ளூர் மழையை மட்டும் பொறுத்தது இல்லை. கீழே சாய்நாத் மாகாணத்தில் சாவ் பிரயா அணை இருக்கிறது. அதன் மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து சகே கிராங்கின் தண்ணீர் பின்னுக்கு ஏறும் அல்லது வடியும். வறட்சி ஆண்டுகளில் மிதவை வீடுகள் சேற்றில் தரைதட்டிச் சாய்ந்துவிடும். கோடையில் வருகிறவர்கள் படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

படகிலிருந்து இறங்கி, பாலம் தாண்டி எதிர்க்கரையில் வாட் உபோசதாராம். சுவரோவியங்களையும் எண்கோண மண்டபத்தையும் பாருங்கள். ஓவியத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். நேரம் இருந்தால் அங்கிருந்தே சைக்கிளில் கோ தேபோ தீவு. ஒருபுறம் சகே கிராங், மறுபுறம் சாவ் பிரயா, நடுவில் தட்டையான தோட்டப் பாதை. பல விடுதிகளில் சைக்கிள் கொடுப்பார்கள்.

பத்தரைக்குள் வாட் தா சுங் போய்விடுங்கள். கண்ணாடித் தூண்கள் நிறைந்த பெரிய விகாரம் நண்பகலுக்குச் சற்று முன்பே மூடி, இரண்டு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டால் ஞாயிறு மதியம் வீணாகும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். காலணியைப் பையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள், வெளியேறும் வழி வேறு பக்கம் இருக்கலாம்.

11. கூடுதல் நாள் இருந்தால்

பான் ராய் மாவட்டத்தைச் சேருங்கள். மாகாணத்தின் தென்மேற்கு மூலை அது. பாக்குத் தோப்புக்குள் நிற்கும் ராட்சத மரம், தறியில் நெய்யும் வீடுகள், மலைமேல் கரேன் மக்கள் வாழும் கேன் மக்ருத். குளிர்காலத்தில் அங்கே நல்ல குளிர், கம்பளி வேண்டும். லான் சாக்கில் உள்ள காவ் பிளா ரா பாறை ஓவியங்கள் அருமையானவை. ஆனால் ஏற்றம் செங்குத்து, வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம்.

12. திரும்புவது

வேனில் வந்தவர்கள் வியாழக்கிழமை நகரில் இறங்கிய உடனே ஞாயிறு டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை பாங்காக் திரும்பும் மாணவர்களும் தொழிலாளர்களும் எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிடுவார்கள். காரில் வந்தவர்கள் ஒரு மணிக்குள் கிளம்பினால் 32ஆம் எண் சாலையில் மாலை நெரிசலுக்கு முன் அயுத்தயாவைத் தாண்டலாம். நீண்ட விடுமுறை முடியும் நாளில் பயண நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஞாயிறு நள்ளிரவு விமானம் பிடிப்பதைத் தவிர்த்து, டான் முவாங் பக்கத்தில் ஓர் இரவு தங்கி திங்கள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுங்கள்.